தேதி போடாத பத்திரம்

பங்குனி மாதத்து வெள்ளிக்கிழமை, சாயங்கால அஸர் தொழுகை முடிந்த நேரம். பாலக்கரையில் ஷரீபா வீட்டுக் கூடத்தில் அன்று இருந்தவர்கள் ஏழு பேர். ஷரீபா. அவள் தம்பி நஸ்ருல்லா, குவைத்தில் இருபத்தொன்பது வருஷம் இருந்துவிட்டு வந்தவன். தம்பி மனைவி பஸீலா. அவர்கள் மகன் ஹாலித், சென்னையில் பங்குத் தரகுக் கம்பெனியில் வேலை. ஆடிட்டர் ரெஜிஸ், மேலப்புதூர்க்காரர். பள்ளிவாசல் ஹஜ்ரத். வாசலோரத்து நாற்காலியில், உட்கார்வதா எழுந்து போவதா என்று தெரியாமல், சுபலட்சுமி. ஏழே பேர்தான். இதை முதலிலேயே எழுதிவிடுவது நல்லது. அப்புறம் பாலக்கரையில் முப்பது பேராவது தாங்களும் அங்கே இருந்ததாகச் சொல்லிக்கொண்டார்கள்.

அறுபத்தாறு வயதில் ஷரீபா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. கணவர் காதர் மொய்தீன் மௌத்தானபோது அவளுக்கு நாற்பத்து மூன்று. பிள்ளை இல்லை. துவாக்குடியில் அவர் விட்டுப்போன பேப்ரிகேஷன் ஷெட்டை விற்றுவிடச் சொல்லி ஆளாளுக்கு வந்தார்கள். கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்கவேண்டிய இத்தாக் காலம் முடிந்த மறுநாள் காலை ஏழரை மணிக்குக் கறுப்பு புர்காவோடு ஷெட் வாசலில் போய் நின்றாள். வெல்டிங் புகை, கிரைண்டர் பொறி, தகரக் கூரைக்குக் கீழே அடுப்பு போலச் சூடு. முதல் மாசம் எதுவும் பேசவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள். இரண்டாம் மாசம் லாரியில் வந்த பாய்லர் தகடு ஒன்றை ஸ்பேனரால் தட்டிக் கேட்டுவிட்டு, "இது வேணாம், திருப்பி அனுப்புங்க" என்றாள். லாரிக்காரன் சிரித்தான். வெட்டிப் பார்த்தார்கள். தகடு நடுவில் இரண்டாகப் பிரிந்திருந்தது. அதற்கப்புறம் அந்த ரோட்டில் அவளைப் பார்த்து ஒரு லாரிக்காரனும் சிரித்ததில்லை.

அந்த ஷெட்டில் இருபத்தாறு வருஷம் வெல்டராக இருந்தவன் பிச்சைமுத்து. திருவெறும்பூர் வீட்டிலிருந்து சைக்கிளில் வருவான். அவன் மகள்தான் சுபலட்சுமி. இன்ஜினியரிங் படித்து, பெங்களூரில் நல்ல வேலையில் இருந்துவிட்டு, ஒரு நாள் அதை விட்டுவிட்டு ஊருக்கு வந்தாள். பாய்லருக்குள் குழாய்ச் சுவரில் காந்தச் சக்கரத்தால் ஒட்டிக்கொண்டு ஏறி, எந்தக் குழாய் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று சொல்லும் ஒரு யந்திரம் செய்யப்போவதாகச் சொன்னாள். பிச்சைமுத்து பயந்துபோய் முதலாளியம்மாவிடம் வந்து நின்றான்.

"நல்ல வேலைங்கம்மா. விட்டுட்டு வந்துட்டா. பல்லி மாதிரி ஒண்ணு செய்யப் போறாளாம். நீங்களாச்சும் எடுத்துச் சொல்லுங்க."

"பல்லி ஏறுமா?" என்றாள் ஷரீபா.

"ஏறும்ங்கறா."

"அப்ப செய்யட்டும். ஷெட்டுல மேற்கு ஓரம் சும்மாத்தானே கிடக்கு. உன் பொண்ணு கம்பெனியில என் பேரும் இருக்கும் பிச்சை. என் பேரு இருக்கிற எதையும் நான் பாதியில விட்டதில்ல."

சொன்னது அவ்வளவுதான். எழுத்தில் எதுவும் இல்லை. முதல் மூன்று பல்லிகளும் அந்த மேற்கு ஓரத்தில்தான் பிறந்தன. முதலாவது ஆறடி ஏறிவிட்டு பிச்சைமுத்துவின் தோளில் விழுந்தது. பல்லி விழும் பலன் பார்க்கவேண்டும் என்று ஷெட்டே சிரித்தது. மூன்றாவது நாற்பது மீட்டர் ஏறி இறங்கியது.

அப்புறம்தான் சென்னை ஃபண்டுக்காரர்கள் வந்தார்கள். பணம் பெரிய அளவில் போடுகிறோம், ஆனால் பங்குதாரர் பட்டியலில் தனித்தனி ஆட்கள் வேண்டாம், வேறு யார் சேர்ந்தாலும் எங்கள் ஃபண்டு வழியாகத்தான் வரவேண்டும் என்றார்கள். சரி, ஃபண்டு வழியாக இருபத்தைந்து லட்சம் போடுகிறேன் என்றாள் ஷரீபா. அதற்கும் ஒரு விதி இருந்தது.

அந்த விதியைச் சொன்னவர் பெருமாளைச் சேவிக்கக் குடும்பத்தோடு ஸ்ரீரங்கம் வந்திருந்தார். ராஜகோபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு காபி ஓட்டலில் சந்திப்பு. நெற்றியில் திருமண், கையில் ஐபேடு. மரியாதையான மனிதர்.

"அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. இது ரிஸ்க் ஜாஸ்தி உள்ள முதலீடு. அக்ரெடிட்டட் இன்வெஸ்டர்னு சர்டிபிகேட் இருக்கறவா மட்டும்தான் வரலாம். அங்கீகாரம் பெற்ற முதலீட்டாளர். செபி விதி. சின்ன முதலீட்டாளர்களைப் பாதுகாக்கத்தான்."

"யாருகிட்டேருந்து பாதுகாக்க?"

"நஷ்டத்துலேருந்து."

"ஆர்டர் நின்னுபோன வருஷம் ஏழு மாசம் வேலை இல்லாம இருபத்திரண்டு பேருக்குச் சம்பளம் போட்டேன். நஷ்டம்னா என்னன்னு எனக்கு யாரு சொல்லித் தரணும்?"

"அதெல்லாம் சரிம்மா. ஃபாரத்துல அதுக்குக் கட்டம் இல்ல" என்று அவர் சிரித்தார். "சொத்து ஏழரைக் கோடி இருக்கணும். குடியிருக்கற வீட்டைச் சேர்க்கப்படாது. அதுல பாதி, அதாவது மூணே முக்கால் கோடி, நிலம் நகையா இல்லாம, டெபாசிட், பங்கு, ஃபண்டுன்னு இருக்கணும். உங்களால முடியலேன்னா ஒண்ணும் வருத்தப்படாதீங்கோ. உங்க ஆசீர்வாதம் இருந்தாப் போறும்."

ஷரீபா டபராவை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்தாள். ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் ஜன்னலோரம் அவள், பக்கத்தில் சுபலட்சுமி. காவிரிப் பாலத்துக்குக் கீழே மணல்தான் ஓடியது. தண்ணீர் ஓரமாக ஒரு கோடு.

"விட்டுடலாம்மா. உங்க பேரு இல்லேன்னா என்ன, ஷெட்டே உங்களோடதுதானே" என்றாள் சுபலட்சுமி.

"ஆசீர்வாதம் போதுமாம்" என்றாள் ஷரீபா. "நான் என்ன யானையா, தும்பிக்கையைத் தூக்கி ஆசீர்வாதம் பண்ண?"

மறுநாள் ரெஜிஸ் ஆபீஸில் கணக்கு எடுத்தார்கள். ஷெட், அதன் நிலம், பாலக்கரையில் நாலு சிறு கடைகள். பாங்கில் எழுபது லட்சம், அதுவும் கரண்ட் அக்கவுண்டில். வட்டி ஹராம் என்று அவள் ஒரு ஃபிக்ஸட் டெபாசிட் கூடப் போட்டதில்லை. எல்லாம் சேர்த்து நாலு கோடியே எண்பது லட்சம் வந்தது.

"எல்லாப் பணத்தையும் தகடாவும் மண்ணாவும் வச்சிருக்கீங்களேம்மா" என்றார் ரெஜிஸ். "இந்த ஃபாரத்துக்கு உங்களைப் புரியாது. வேற ஏதாவது இருக்கா? உங்களுக்குச் சொந்தமானது எதையும் விடாம எழுதணும். கீழே உறுதிமொழி இருக்கு."

ஷரீபா வாய் திறந்தாள். உடனே மூடிக்கொண்டாள். ஜன்னல் வழியாக எதிர்வீட்டு மாடியில் காயும் மிளகாயைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இப்போதைக்கு இவ்வளவுதான்" என்றாள்.

சேதி தம்பி வீட்டுக்கு எப்படிப் போயிற்று என்று கேட்க வேண்டியதில்லை. பாலக்கரையில் ஒரு வீட்டில் கொதிப்பது மூன்று வீட்டில் மணக்கும். ஞாயிற்றுக்கிழமை நஸ்ருல்லா வந்தான்.

"அக்கா, என்கிட்ட ஃபண்டு யூனிட் இருக்கு. ஷரியத்துக்கு ஒத்த ஃபண்டுதான். அதுல மூணேகால் கோடிக்கு உங்க பேருக்கு ஹிபா பண்ணிடறேன். தம்பி அக்காவுக்குக் கொடுத்தா வரியும் கிடையாது. சர்டிபிகேட் வாங்கிக்குங்க."

ஷரீபா, "உள்ள வா, சாயா குடி" என்றாள். ஹிபா என்றால் தானமாக எழுதிக் கொடுப்பது. இத்தனை வருஷத்துக்கு அப்புறம் தம்பி தானாக வந்து வாய் திறந்திருக்கிறான் என்று நினைத்தாள். அப்படி அவள் நினைத்ததற்குக் காரணம் இருந்தது. அது பின்னால் வரும்.

இனி அந்த வெள்ளிக்கிழமை.

காலையிலிருந்து அனல் காற்று. பஸீலா கறி சம்சா பொரித்து எடுத்து வந்திருந்தாள். இஞ்சி தட்டிப்போட்ட சாயா. ஹஜ்ரத்தை அழைத்தவளும் அவள்தான். துஆ ஓதிப் பிரார்த்தித்தால் பரக்கத் பெருகும், நாலு பேருக்கு நல்லதாகவும் தெரியும் என்பது அவள் எண்ணம். ஹாலித் அது வேண்டாமே என்றிருக்கிறான். பஸீலா கேட்கவில்லை.

ஹாலித் பையிலிருந்து முத்திரைத்தாள்களை எடுத்தான். "மாமி, முதல் பத்திரத்துல இங்கே, இங்கே கையெழுத்து. ரெண்டாவதுல கடைசிப் பக்கம் மட்டும்."

"ரெண்டாவது என்ன?"

"சும்மா ஒரு ஃபார்மாலிட்டி."

ஷரீபா கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். முதலாவது, நஸ்ருல்லா அக்காவுக்கு எழுதிய தானம். இரண்டாவது, அக்கா நஸ்ருல்லாவுக்கு எழுதிய தானம். அதே யூனிட்டுகள், அதே எண்ணிக்கை. தேதி இருக்கவேண்டிய இடம் மட்டும் வெறுமையாக இருந்தது.

"இதுக்குத் தேதி?"

"சர்டிபிகேட் வந்தப்புறம் போட்டுக்கலாம் மாமி. ஒரு மாசம்தான். அந்த ஃபண்டு உங்களை உள்ள எடுத்துட்டா அப்புறம் யாரும் பார்க்கப் போறதில்ல."

ரெஜிஸ் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "எனக்கு முதல் பத்திரம் மட்டும்தான் சொன்னாங்க" என்றார். "ரெண்டாவது இருந்தா நான் சொத்துக் கணக்கு சர்டிபிகேட்ல கையெழுத்துப் போட முடியாதுங்க."

"நீங்க பார்க்கலைன்னு வச்சுக்குங்க சார்" என்றாள் பஸீலா.

"நான் மேலப்புதூர் கண்ணாஸ்பத்திரி பக்கத்துலதாம்மா இருக்கேன். கண்ணாடி போட்டுக்கிட்டுத்தான் வந்தேன்."

ஷரீபா இரண்டு பத்திரங்களையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். சாயா ஆறிக்கொண்டிருந்தது. ஹஜ்ரத்துக்கு இந்தப் பேச்சு எதுவும் பிடிபடவில்லை. அவர் வந்தது ஹிபாவுக்கு. ஹிபா என்றால் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. வழக்கப்படி அதைக் கேட்டார்.

"நஸ்ருல்லா பாய், முழு மனசோட கொடுக்கறீங்களா? நிபந்தனை எதுவும் இல்லையே? திரும்பக் கேக்க மாட்டீங்களே?"

நஸ்ருல்லா மனைவியைப் பார்த்தான். மகனைப் பார்த்தான். சம்சாத் தட்டைப் பார்த்தான். ஐந்து வேளையும் தொழுகிறவன். ஹஜ்ரத் முகத்துக்கு நேரே பொய் சொல்ல வரவில்லை.

"ஹஜ்ரத், இது அந்த மாதிரி ஹிபா இல்ல" என்றான் ஹாலித்.

"ஹிபாவுல எத்தனை மாதிரி தம்பி இருக்கு?" என்றார் ஹஜ்ரத். உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

சுபலட்சுமி எழுந்துவிட்டாள். "அம்மா, எனக்காக இது எதுவும் வேணாம். நான் அவங்ககிட்ட சொல்லிடறேன்."

"உக்காரும்மா" என்றாள் ஷரீபா. "உன் விஷயம் முடியல. ரெஜிஸ் சார், அந்த ஃபாரத்தை எடுங்க. அன்னிக்கு ஒண்ணை எழுதாம விட்டேன். எழுதிக்குங்க."

ரெஜிஸ் பேனாவைத் திறந்தார்.

"தோல் கிடங்கு. எங்க அத்தாவோடது. பாலக்கரை மெயின் ரோட்டுல இருந்துச்சு. அத்தாவுக்கு நாங்க ரெண்டு பேருதான். ஒரு ஆணு, ஒரு பொண்ணு. ஷரியத்துப்படி மூணுல ஒரு பங்கு எனக்கு. பதினாலு வருஷத்துக்கு முன்னால அதை ரெண்டே கால் கோடிக்கு மேல வித்தோம். பணம் முழுக்க இவன் கணக்குக்குப் போச்சு. அதைத்தான் ஃபண்டுல போட்டான். அது இன்னிக்கு எவ்வளவு ஆச்சு நஸ்ரு?"

நஸ்ருல்லா தரையைப் பார்த்தபடியே சொன்னான். "ஒம்பது கோடி முப்பது லட்சம்."

"மூணுல ஒண்ணு?"

"மூணு கோடியே பத்து லட்சம்" என்றார் ரெஜிஸ், தன்னை அறியாமல்.

பஸீலா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "அக்கா, அன்னிக்கு ரிஜிஸ்டர் ஆபீஸ்ல நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க? இப்ப என்ன புதுசா?"

"விக்கறதுக்குக் கையெழுத்துப் போட்டேன். என் பங்கை விட்டுட்டேன்னு எந்தத் தாள்ல எழுதியிருக்கேன், காட்டு."

"இத்தனை வருஷம் ஒரு வார்த்தை கேக்கலையே. நம்ம பக்கம் எந்தப் பொண்ணு பொறந்த வீட்டுல பங்கு கேக்கறா? பொறந்த வீட்டு வாசல் திறந்திருக்கணும்னு விட்டுக் கொடுக்கறதுதானே வழக்கம்? ஒவ்வொரு பக்ரீதுக்கும் உங்களுக்குத் தொடை அனுப்பாம நாங்க குர்பானி கறியில கை வச்சிருக்கமா?"

"இல்ல. பதினாலு தொடை வந்துச்சு. நல்ல இளங்கறி. மூணு கோடியே பத்து லட்சத்துல அதையும் கழிச்சுக்க."

ரெஜிஸ் இருமுவதுபோல வாயைப் பொத்திக்கொண்டார். பஸீலாவின் குரல் ஏறியது. "உங்களுக்குன்னு யாரு இருக்காங்க? உங்களுக்கு அப்புறம் எல்லாம் இவருக்கும் இவனுக்கும்தானே வரப்போகுது? அப்புறம் எதுக்கு இந்த வழக்கு?"

"அது எனக்கு அப்புறம். நான் இன்னும் மௌத்தாகலையேம்மா. உனக்கு எதிர்லதான் உக்காந்திருக்கேன்."

"பஸீலா, சும்மா இரு" என்றான் நஸ்ருல்லா. அன்று அவன் சத்தமாகச் சொன்னது அது ஒன்றுதான். பிறகு அக்கா பக்கம் திரும்பினான். அவன் முகம் அத்தாவின் முகத்தைப் போலவே இருந்தது. கிடங்கில் உப்புப்போட்ட தோலைப் புரட்டும்போது அத்தா இப்படித்தான் உதட்டை மடித்துக்கொள்வார்.

"கேட்டிருந்தா கொடுத்திருப்பேன் அக்கா."

"தெரியும். என் தம்பிகிட்ட நான் கேக்கற நிலைமை வரக்கூடாதுன்னுதான் கேக்கல."

"இப்ப கேக்கறீங்களே."

"இப்பவும் கேக்கல. எனக்குச் சொந்தமானதை விடாம எழுதச் சொல்லி ஃபாரத்துல இருக்கு. எழுதறேன். இத்தனை நாளு உன் கௌரவத்துக்காக இதை எழுதாம இருந்தேன். இன்னிக்கு நீ எனக்குத் தேதி போடாத பத்திரம் கொண்டாந்திருக்க. உன் சொத்தை ஒரு மாசம் நான் வேஷமாப் போட்டுக்கிட்டு நிக்கணும். நாளைக்கு அந்தச் சென்னைக்காரர் எதிர்ல போய் உக்காந்து, இது என்னுதுன்னு எந்த வாயால சொல்லுவேன்? பிச்சைமுத்து பொண்ணு கம்பெனியில என் பேரு இருக்கும்னு சொன்னேன். பொய்ப் பேரா இருக்கும்னு சொல்லல."

வெளியே பழைய பேப்பர் வண்டிக்காரன் கூவிக்கொண்டு போனான்.

"ஹஜ்ரத்" என்றான் நஸ்ருல்லா. "கேக்காத பங்கு..."

"கேக்காததால பங்கு இல்லாமப் போகாது பாய்" என்றார் ஹஜ்ரத். "கொடுக்கறதுக்கு நாளாச்சுன்னு வேணா சொல்லலாம்." இதைச் சொல்லிவிட்டு, துஆ இனி எதற்கு ஓதுவது என்று குழம்பி, ஒரு சம்சாவை எடுத்துக்கொண்டார்.

நஸ்ருல்லா மேசைக்கு வந்தான். தேதி போடாத பத்திரத்தை எடுத்தான். கிழிப்பான் என்று ஹாலித் நினைத்தான் போலிருக்கிறது, கை நீட்டினான். நஸ்ருல்லா அதை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான். முதல் பத்திரத்தை ரெஜிஸ் பக்கம் தள்ளினான்.

"இதுல தானம்னு இருக்கு சார். தானம் வேணாம். அத்தா சொத்துல அக்கா பங்கு, நான் தாமதமாக் கொடுக்கறேன்னு மாத்தி எழுதுங்க. தாமதமாங்கறதும் இருக்கட்டும்."

ஷரீபா ஆறிய சாயாவை எடுத்து ஒரே மடக்கில் குடித்தாள். காலிக் கோப்பையை மடியில் வைத்து இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். முதுகு மட்டும் நிமிர்ந்தே இருந்தது.

"சுபா, ஏன் நிக்கற? சம்சா எடுத்துக்க. பஸீலா பொரிச்சா ஆறினாலும் மொறுமொறுப்பு போகாது" என்றாள். பஸீலா தட்டை அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

ஹாலித் கெட்டிக்காரன். முதலில் பேசியிருந்த தொகைக்கே யூனிட் மாற்ற முந்தின நாளே ஏற்பாடு செய்துவிட்டிருந்தான். அது திங்கட்கிழமை ஷரீபாவின் கணக்குக்கு வந்தது. மூன்றேகால் கோடி. அவள் ரெஜிஸைக் கூப்பிட்டு, பதினைந்து லட்சத்துக்கான யூனிட்டை அன்றே திருப்பி அனுப்பச் சொன்னாள். இருக்கட்டும், அதையும் கறியோடு சேர்த்துக்கொள்ளுங்கள் என்று நஸ்ருல்லா போனில் சொன்னான். கறி வேறு, கணக்கு வேறு என்றாள்.

சர்டிபிகேட் சித்திரை பிறந்து எட்டாம் நாள் வந்தது. சென்னைக்காரர் போனில் வாழ்த்துச் சொன்னார். கையெழுத்துக்குத் தாள்களை அனுப்பிவைப்பதாகச் சொன்னார்.

"அனுப்ப வேணாம். எடுத்துக்கிட்டு வாங்க. துவாக்குடி ஷெட்டுக்கு" என்றாள் ஷரீபா.

வந்தார். அக்னி நட்சத்திரத்துக்கு முந்தின வாரம். தகரத்துக்குக் கீழே இரும்பு ஸ்டூல் ஒன்றில் உட்கார்ந்தார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கண்ணில் புரை விழுந்த பிச்சைமுத்துவும் திருவெறும்பூரிலிருந்து ஆட்டோவில் வந்திருந்தான். ஷரீபா தாள்களை ஒவ்வொரு பக்கமாகப் படித்தாள். நாற்பத்தோரு பக்கம். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. சென்னைக்காரர் மூன்று தடவை தண்ணீர் குடித்தார்.

"பதினேழாம் பக்கத்துல, போட்ட பணம் முழுக்கப் போனாலும் போகலாம், அது எனக்குத் தெரியும்னு எழுதியிருக்கு."

"ஆமாம்மா. அது எல்லாரும் கையெழுத்துப் போடறதுதான்."

"தெரியும்னு நான் ஸ்ரீரங்கத்துலயே சொன்னேன்" என்றாள் ஷரீபா. கையெழுத்துப் போட்டாள். பிச்சைமுத்துவிடம் தாளைக் கொடுத்தாள். அவன் முகத்துக்கு மிக அருகில் பிடித்து அவள் பெயரைத் தேடிக் கண்டுபிடித்தான். விரலை அதன்மேல் வைத்துக்கொண்டு சிறிது நேரம் இருந்தான்.

மேற்கு ஓரத்தில் நாலாவது பல்லி தகடுமேல் ஏறிக்கொண்டிருந்தது.

ஹஜ்ரத்தை வீட்டுக்கு வரவழைத்து, தம்பியை மடக்கி, மூன்றேகால் கோடியை ஷரீபா ஹிபாவாக வாங்கிவிட்டாள் என்றும், அன்றிலிருந்து அக்கா தம்பி இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது என்றும் பாலக்கரையில் ஒரு பேச்சு இன்னும் இருக்கிறது. ஹஜ்ரத்தை வரவழைத்தது பஸீலா. தொகை மூன்று கோடியே பத்து லட்சம். அது ஹிபா இல்லை. இந்த வைகாசியில் பக்ரீத் வந்தது. பதினைந்தாவது தொடையை நஸ்ருல்லா தன் கையால் கொண்டுவந்து கொடுத்து, அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனான்.